கழுத்தில் தொங்கும் திறப்பு: பாடசாலை விட்ட பின் எமது பிள்ளைகள் யாருடைய பொறுப்பில்?

பிற்பகல் 1.30க்குப் பாடசாலை மணி அடிக்கின்றது. வாயிலில் வேன்களும் முச்சக்கர வண்டிகளும் காத்து நிற்கின்றன. சில பிள்ளைகளை வாப்பாமார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கின்றனர். எவருக்காகவும் காத்திருக்காத பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்கள் புத்தகப் பையின் முன் பொக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். அந்தப் பொக்கெட்டில் வீட்டுத் திறப்பு இருக்கும். சிலர் அதைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பார்கள்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கற்பிக்கும் எனக்கு, வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் திறப்பு இருக்கின்றது என்பது ஓரளவு தெரியும். நான் ஆசிரியையாக இருந்த ஆரம்ப வருடங்களில் அப்படி ஒரு பிள்ளையைக் காண்பது அரிது. இன்று ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருக்கின்றனர். இது பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பெற்றோருக்கு வெட்கம், ஆசிரியர்களுக்குத் தயக்கம். பேசாமல் இருப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கப்படாமலே போகின்றது என்பதுதான் என் கவலை.

600 மணித்தியாலங்கள்

முதலில் ஒரு சிறிய கணக்கு. பாடசாலை 1.30க்கு முடிகின்றது. தரம் 1, 2 பிள்ளைகள் அதற்கு முன்பே வீடு திரும்பி விடுகின்றனர். அரச அலுவலகங்கள் மாலை 4.15 வரை. ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வேலைக்குச் செல்பவர்கள் வீடு சேர மஃரிபும் ஆகலாம். குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியால இடைவெளி. வருடத்துக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள் என்றால், அது 600 மணித்தியாலங்கள். எமது பாடசாலை நாள் ஆறு மணித்தியாலம் கொண்டது. அப்படியானால் ஒரு பிள்ளை பாடசாலையில் கழிக்கும் காலத்தின் அரைவாசியை, ஆசிரியரும் பெற்றோரும் இல்லாத இடத்தில் கழிக்கின்றது. ஆறு மணித்தியாலத்துக்குப் பாடத்திட்டம் இருக்கின்றது, மேற்பார்வை இருக்கின்றது, பரீட்சை இருக்கின்றது. இந்த மூன்று மணித்தியாலத்துக்கு எதுவுமில்லை.

வளவு எங்கே போனது?

"எங்கட காலத்துலயும் உம்மா வாப்பா வயலுக்கும் கடலுக்கும் போனாங்கதானே. நாங்க வளரலயா?" என்று மூத்தவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். பதில், வீட்டின் அமைப்பில் இருக்கின்றது.

கிழக்கில் எமது வழக்கம், பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவது. அதனால் ஒரே வளவுக்குள்ளோ அடுத்தடுத்த வளவுகளிலோ உம்மம்மா, பெரியும்மா, சாச்சி எல்லோரும் இருந்தார்கள். வேலிக்கு இடையில் ஒரு பொட்டு இருக்கும். பாடசாலை விட்டு வரும் பிள்ளை எந்தக் குசினிக்குள் நுழைந்தாலும் சோறு கிடைக்கும். பிள்ளை "தனியாக" இருந்ததே இல்லை. உம்மா வீட்டில் இல்லாதிருந்தாள், அவ்வளவுதான்.

இந்த அமைப்பு மெல்லக் கலைந்தது. சனம் பெருகிய எமது கரையோர ஊர்களில் வளவைப் பங்கு போட இனி இடமில்லை. மூத்த மகளுக்கு வளவு, இளைய மகளுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு துண்டுக் காணி என்றாகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் பல வெவ்வேறு வீட்டுத் திட்டங்களுக்குப் பிரிந்து சென்றன. வேலிகள் மதில்களாயின. மதிலில் பொட்டு வைக்க முடியாது.

அதன்மேல் வந்தது 2022 பொருளாதார நெருக்கடி. ஒருவர் சம்பளத்தில் ஓடிய குடும்பங்களுக்கு இருவர் சம்பளமும் போதாமல் போனது. அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டு வெளியேறினர். வெளிநாடு சென்ற பெற்றோரின் பிள்ளைகளைப் பார்க்கும் உம்மம்மாவுக்கும் வயது போகின்றது. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள அவரைப் பிள்ளைதான் பார்த்துக்கொள்கின்றது என்பதே பல வீடுகளில் உண்மை.

ஆகவே வேலைக்குச் செல்லும் தாயைக் குற்றம் சாட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. நானும் வேலைக்குச் செல்லும் தாய்தான்.

என் வீட்டில் நடந்தது

என் மகனுக்கு அப்போது பத்து வயது. ஒரு கார்த்திகை மாதம், மழைக்காலம். வெளியூரில் நடந்த ஆசிரியர் கருத்தரங்கு நீண்டுவிட்டது. பஸ்ஸும் தாமதம். மகன் வீட்டில் தனியாக இருந்தான். ஐந்து மணியளவில் கறன்ட் போய்விட்டது. நான் தங்கைக்கு அழைப்பு எடுத்து, "போய்ப் பாரு" என்றேன். அவள் டோர்ச்சும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். மகன் திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது தங்கை குடையுடன் வாசற்படியில் அழுதுகொண்டு நின்றாள். என் குரல் கேட்டதும் கதவு திறந்தது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அவன் இருட்டில், கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தான். "சாச்சிட சத்தம் விளங்கல்லையா மகன்?" என்று கேட்டேன். "விளங்கின. நீங்கதானே உம்மா ஆருக்கும் கதவத் திறக்கப்படா எண்டு சென்னீங்க" என்றான்.

கொஞ்ச நாளைக்கு இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். சொன்ன சொல் தவறாத பிள்ளை! பின்னர்தான் யோசித்தேன். அன்று வீட்டுக்குள் நெருப்புப் பிடித்து, அயலவர் வந்து கதவைத் தட்டியிருந்தால் அவன் திறந்திருப்பானா? அவனுக்கு ஒரு கட்டளையைக் கொடுத்தேனே தவிர, அந்தக் கட்டளை எதற்காக என்று விளங்கப்படுத்தவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் சிறுவர் உளவியலில் பியாஜேயைப் படித்து, பரீட்சையும் எழுதியவள் நான். ஏறத்தாழ ஏழு முதல் பதினொரு வயது வரையான பிள்ளை, கண்ணால் கண்ட, கையால் தொட்ட விடயங்களை வைத்தே தர்க்கிக்கும் என்றும், "இப்படி நடந்தால் என்னவாகும்" என்று நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து முடிவெடுக்கும் ஆற்றல் அதன் பின்னரே வலுப்பெறும் என்றும் அதில் படித்திருந்தேன். என் சொந்த வீட்டு வாசற்படியில் நின்றபோதுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது. "கவனமா இரு" என்ற சொல் பத்து வயதுப் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை.

எத்தனை வயதில் தனியே விடலாம்?

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே கவனியாது விடுவதையும் கைவிடுவதையும் குற்றமாக்குகின்றது. ஆனால் இத்தனை வயதில் பிள்ளையைத் தனியே விடலாம் என்று அது ஓர் இலக்கத்தைத் தரவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் பெற்றோரே.

என் அனுபவத்தில் நான் சொல்வது இதுதான். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அரை மணித்தியாலமும் தனியே விட வேண்டாம். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தால் சிறிது நேரம் இருக்கலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில், பழக்கிய பிள்ளை ஒரு பிற்பகலைச் சமாளிக்கும். ஆனால் வயது ஒரு அளவுகோல் மாத்திரமே. திடீரெனப் பயப்படும் பிள்ளையா, சொன்னதை மறக்கும் பிள்ளையா, வலிப்போ இழுப்போ உள்ள பிள்ளையா, தனியே இருக்க அதற்கு விருப்பமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். "எனக்குப் பயம்" என்று பிள்ளை சொன்னால் அதற்குமேல் வேறு அளவுகோல் தேவையில்லை.

தன்னைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, தம்பியைப் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் நாம் ஒன்றாக்கி விடுகின்றோம். தரம் 7 மாணவி ஒருத்தி வகுப்பில் அடிக்கடி தூங்குவாள். தனியே அழைத்துக் கேட்டபோது, "தம்பி படுத்தாத்தான் டீச்சர் எனக்குப் படிக்க ஏலும்" என்றாள். உம்மா வெளிநாட்டில், வாப்பா கடலுக்குப் போகின்றவர். சோறாக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, உடுப்புக் கழுவி முடித்த பின்தான் அவளுக்குப் புத்தகம். அதே வகுப்பில் அதே நிலையில் உள்ள ஆண் பிள்ளைகள் மஃரிப் வரை வெளியில். ஆண் பிள்ளைக்குத் தெரு, பெண் பிள்ளைக்குக் குசினி என்று பங்கு பிரித்துவிட்டோம். இரண்டு பங்கிலும் பிள்ளைப் பருவம் இல்லை.

வீட்டை முதலில் தயார் செய்வோம்

பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன் வீட்டைச் சரி செய்ய வேண்டும்.

பிள்ளையை உள்ளே வைத்து வெளியால் பூட்டிச் செல்லும் பழக்கம் எம்மிடம் இருக்கின்றது. பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கின்றோம். எமது வீட்டு யன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி. வெளியால் பூட்டிய வீட்டில் நெருப்போ புகையோ வந்தால் பிள்ளை எந்த வழியால் வெளியேறும்? கதவு எப்போதும் உள்ளே இருந்து பிள்ளையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இன்னொரு திறப்பு நம்பிக்கையான ஓர் அயல் வீட்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது குசினி. சமைத்த சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, காஸ் சிலிண்டரை ரெகுலேட்டரில் மூடிவிட்டுச் செல்லுங்கள். 2021 இறுதியில் நாட்டின் பல பகுதிகளில் காஸ் அடுப்புகள் வெடித்ததை நாம் மறந்திருக்க முடியாது. காஸ் மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், கதவைத் திறந்து கொண்டு வெளியே போக வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் செய்து காட்டுங்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். தாகத்தோடு வரும் பிள்ளை போத்தலைப் பார்க்குமே தவிர உள்ளே இருப்பதைப் பார்க்காது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உம்மம்மாவின் மாத்திரைகள் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். கிணற்றுக்கு மூடி போடுங்கள். தண்ணீர் மோட்டாரை ஈரக் கையோடு தொடுவது உயிருக்கு ஆபத்து என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சுட்டுக்கொண்டால் என்ன செய்வது? பற்பசை, பட்டர், மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீருக்குக் கீழ் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு மாத்திரமல்ல, அயல் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

பிள்ளையைப் பழக்குவது எப்படி?

சைக்கிள் பழக்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? முதலில் பிடிக்கின்றோம், பிறகு பிடித்தும் பிடியாமலும் கூட ஓடுகின்றோம், பிறகு விடுகின்றோம். தனியே இருக்கப் பழக்குவதும் அப்படித்தான். முதல் நாள் நீங்கள் முற்றத்தில் இருங்கள், பிள்ளை உள்ளே இருக்கட்டும். அடுத்த கிழமை பக்கத்து வீட்டில் கால் மணித்தியாலம். பிறகு கடைக்குப் போய் வரும் நேரம். ஒரு மாதம் எடுங்கள். திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போக வேண்டாம்.

"விளங்கினதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஓம்" என்றே சொல்லும். ஆகவே அப்படிக் கேட்காதீர்கள். "மீன்காரர் வந்து தண்ணி கேட்டா என்ன செய்வீங்க? திறப்பு தொலைஞ்சா எங்க போவீங்க? உம்மாட போன் வேலை செய்யல்லண்டா ஆருக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும். பிழைத்தால் திருத்துங்கள், அடுத்த கிழமை மீண்டும் கேளுங்கள்.

என் மகனின் சம்பவத்துக்குப் பின் நாங்கள் வீட்டில் ஓர் இரகசியச் சொல்லை வைத்தோம். நான் யாரையாவது அனுப்பினால் அவர் அந்தச் சொல்லைச் சொல்வார். சொன்னால் கதவு திறக்கும். சொல்லாவிட்டால், சாச்சாவாக இருந்தாலும் பிள்ளை எனக்கு அழைப்பு எடுத்துக் கேட்கும். நெருப்பு, புகை, காஸ் மணம் என்றால் சட்டம் எதுவுமில்லை, வெளியே ஓடுவது மட்டுந்தான். காரணத்தோடு சொன்னபோது அவனுக்கு உடனே விளங்கியது.

தொலைபேசி தேவை, ஆனால் ஸ்மார்ட் போன் தேவையில்லை. பட்டன் போன் ஒன்று போதும். உம்மாவின் இலக்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும். வேலைத்தளத்தில் போன் எடுக்க முடியாத தாய்மார் இருக்கின்றனர். ஆகவே இரண்டாவது, மூன்றாவது ஆளின் இலக்கமும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும். அதன் கீழ் 119 பொலிஸ், 1990 அம்பியூலன்ஸ், 1929 சிறுவர் உதவி. 1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிள்ளையே நேரடியாக எடுத்துப் பேசலாம்.

2020, 2021 கொரோனாக் காலத்தில் பாடத்துக்காகப் பிள்ளையின் கைக்குப் போன ஸ்மார்ட் போன் பல வீடுகளில் இன்னும் திரும்பி வரவில்லை. தனிமையும் அந்தப் போனும் சேரும்போது, கதவைப் பூட்டியும் பயனில்லை. அந்நியர் உள்ளே வரக் கதவு தேவைப்படுவதில்லை.

சொல்லத் தயங்கும் ஒரு விடயம்

பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருக்கின்றார். உறவினர், அயலவர், குடும்ப நண்பர், படிப்பிப்பவர் என யாராகவும் இருக்கலாம். வீட்டில் எவருமில்லாத நேரம் எது என்பதை அறிந்தவரும் அவரே. "தெரியாத ஆளோட பேசாதே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்த பிள்ளை, தெரிந்த ஆளிடம் தோற்றுப் போகின்றது. யார் தொட்டாலும் பிடிக்காவிட்டால் விலகலாம், சத்தமிடலாம், உம்மாவிடம் சொன்னால் உம்மா ஏசமாட்டா என்ற மூன்றையும் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே அளவில் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ஏசுவோம் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொள்கின்றனர்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் "ஹோம் வேர்க் செஞ்சாச்சா?" என்று தொடங்காமல், "இண்டைக்கு என்ன நடந்த?" என்று பத்து நிமிடம் கேளுங்கள். மூன்று மணித்தியாலம் எவருடனும் பேசாதிருந்த பிள்ளை அது.

ஊருக்கும் ஒரு பங்கு உண்டு

பல பெற்றோர் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புவது படிப்புக்காக மாத்திரமல்ல. அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கின்றது என்பது தெரியும் என்பதற்காகவும்தான். அதாவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கே காசு கொடுக்கின்றனர். காசில்லாதவரின் பிள்ளை தனியே இருக்கின்றது.

ளுஹருக்கும் அசருக்கும் இடையில் எமது பள்ளிவாசல் மண்டபங்களும் ஓதப்பள்ளிக் கட்டடங்களும் பூட்டிக் கிடக்கின்றன. பாடசாலை நூலகமும் அப்படியே. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊரில் இருக்கின்றனர். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞர் யுவதிகள் இருக்கின்றனர். பள்ளி நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்தால், 1.30 முதல் 4.30 வரை ஒரு மண்டபத்தைத் திறப்பது பெரிய செலவல்ல. வருகைப் பதிவு, எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், எல்லோரும் பார்க்கக்கூடிய திறந்த இடம் என்ற மூன்று நிபந்தனைகளும் கட்டாயம். அங்கே பாடம் நடத்த வேண்டியதில்லை. சாப்பிட, படிக்க, விளையாட இடம் போதும்.

எமது ஆசிரியர் பக்கமும் குறை இருக்கின்றது. கூட்டம் என்றும் விழா என்றும் சில நாட்களில் பாடசாலையை முன்கூட்டியே விடுகின்றோம். பெற்றோருக்கு அறிவிப்பதில்லை. எமக்கு அது இரண்டு மணித்தியாலம் முந்திய வீடு. திறப்பு வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலம் கூடிய தனிமை. முதல் நாளே எழுத்தில் அறிவிப்பது எமது கடமை.

பிள்ளைகள் அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்கின்றோம். அமானிதத்தைப் பூட்டி வைத்தால் மட்டும் பாதுகாத்ததாகாது. தனியே இருக்க நேர்ந்த பிள்ளையைத் தைரியமும் புத்தியும் உள்ளதாக ஆக்கலாம். நன்றாகப் பழக்கிய பிள்ளை தன் வேலையைத் தானே செய்யும், பிறர் வேலையை மதிக்கும். பழக்காமல் விட்ட பிள்ளை, என் மகன் போல, இருட்டில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் பிள்ளையின் கையில் திறப்பு இருந்தால், இன்றிரவு பக்கத்தில் இருத்தி ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "நான் இல்லாத நேரம் உங்களுக்கு எது பயம்?" பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தப் பிள்ளையே சொல்லித் தரும்.